வீடு வாங்கப் போறீங்களா? வீட்டைப் பார்க்கும் முன் தெருவைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்குப் பார்த்தால் எந்தத் தாமானும் நல்ல தாமானாகத்தான் தெரியும். சாலை காலியாக இருக்கும். கார் நிறுத்த இடம் கிடைக்கும். வெயிலில் சுவரின் ஈரம் காய்ந்திருக்கும். வீட்டு முகவர்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் நீங்கள் கையெழுத்துப் போடுவது 35 ஆண்டுகள் வரை நீளக்கூடிய வங்கிக் கடனுக்கு. சமையலறை டைல்ஸ் பிடிக்கலைன்னா மாத்திக்கலாம். வெள்ளம் ஏறும் தெருவை மாத்த முடியாது. புதிய வீடென்றால் மேம்பாட்டாளர் 24 மாதங்களுக்குக் குறைகளைச் சரிசெய்து தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது சுவர் விரிசலுக்கும் குழாய் ஒழுகலுக்கும்தான். அக்கம்பக்கத்துக்கு அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது.

அப்படியானால் ஓர் இடம் பாதுகாப்பானதா, அங்கே நிம்மதியாக வாழ முடியுமா என்பதை வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடுபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஷா ஆலாம், செக்‌ஷன் 25-இல் கிள்ளான் ஆற்றை ஒட்டித் தாழ்வான பகுதியில் இருக்கும் தாமான் ஸ்ரீ மூடா மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் உதவிக்காகக் காத்திருந்தார்கள். நாடு முழுவதும் அந்த வெள்ளத்தில் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது.

கிள்ளானுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே ஆற்றில் கடலின் ஏற்ற இறக்கம் தெரியும். கடல் நீர் உயரும் நேரத்தில் கனமழையும் சேர்ந்தால், கால்வாய்த் தண்ணீர் ஆற்றுக்குள் இறங்க வழியில்லாமல் தேங்கி நிற்கும். ஒரே தாமானில் ஒரு தெருவில் தண்ணீர் ஏறும், அடுத்த தெருவில் ஏறாது. அதனால் தாமானின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

"இங்க வெள்ளம் வருமா?" என்று வீட்டை விற்பவரிடம் கேட்டால், "அதெல்லாம் வராது" என்பதுதான் பதிலாக இருக்கும். நாலு வீடு தள்ளிப் போய், வாசலில் நிற்கும் ஆன்ட்டியிடம் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "2021-இல இங்க தண்ணி எவ்வளவு ஏறுச்சு ஆன்ட்டி?" முழங்கால் வரைக்குமா, ஜன்னல் வரைக்குமா என்று கையால் காட்டிவிடுவார்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் இருக்கும். சுவரில் ஒரே உயரத்தில் ஓடும் பழுப்புக் கோடு, வழக்கத்தைவிட உயரத்தில் பொருத்தப்பட்ட பிளக் பாயின்ட், வாசலில் புதிதாகக் கட்டிய சிறு தடுப்புச் சுவர் ஆகியவற்றைக் கவனியுங்கள். மழை வந்ததும் அண்டை வீட்டார் காரை மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களா என்றும் பாருங்கள். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் 'பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்' தளத்தில் ஆற்று நீர்மட்டத்தையும் மழை அளவையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இன்னொன்று, அடிப்படைத் தீ காப்புறுதியில் வெள்ளம் தானாகச் சேராது. எது சேர்ந்திருக்கிறது, எது இல்லை என்பதைக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பின்னால் மலையா, கீழே குழாயா?

1993 டிசம்பர் 11-ஆம் தேதி, உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தனர். கட்டடத்தின் பின்னால் இருந்த மலைச்சரிவில் நடந்த மண்சரிவே காரணம். 2008 டிசம்பரில் அருகிலுள்ள புக்கிட் அந்தாராபங்சாவில் மீண்டும் ஒரு மண்சரிவு உயிர்களைப் பறித்தது. மலையடிவார வீட்டில் காற்றும் காட்சியும் அருமையாக இருக்கும். ஆனால் தடுப்புச் சுவரில் விரிசல் இருக்கிறதா, சரிவில் மழைநீர் ஓடும் வாய்க்கால் அடைத்துக் கிடக்கிறதா, அந்தச் சரிவைப் பராமரிப்பது யார் பொறுப்பு என்ற மூன்றையும் விசாரிக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 1-ஆம் தேதி, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையில், சுபாங் ஜெயா, புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்தது. பல வீடுகள் எரிந்து போயின. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அதற்கு முன்பு வீடு பார்க்கப் போனவர்களில் எத்தனை பேர் குழாயைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்?

அந்தத் தகவல் ஓரளவுக்கு நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எரிவாயுக் குழாய் செல்லும் நிலப்பகுதி பொதுவாக வீடு கட்டப்படாத நீண்ட பசும்புல் பட்டையாக இருக்கும். அங்கே எச்சரிக்கைக் கம்பங்களும் நட்டிருக்கும். உயரழுத்த மின்கம்பிகள் செல்லும் பாதையும் கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கும் காலி நிலத்தில் நாளை என்ன வரும் என்பதற்கு, பிளான்மலேசியாவின் 'ஐ-பிளான்' தளத்தில் நிலப் பயன்பாட்டைப் பாருங்கள். கோலாலம்பூர் என்றால் 2025-இல் அரசிதழில் வெளியான கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040 இருக்கிறது. இப்போது பால்கனியிலிருந்து தெரியும் பச்சை, வரைபடத்தில் வணிக நிலமாக இருக்கலாம்.

கேட் இருந்தால் போதுமா?

விளம்பரத்தில் 'கேட்டட் அண்ட் கார்டட்' என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். சட்டப்படி அவை வெவ்வேறு.

வேலி சூழ்ந்த குடியிருப்பில் உள்சாலைகளும் பூங்காவும் ஸ்ட்ராத்தா பட்டத்தின் கீழ் வரும் கூட்டுச் சொத்து. பாதுகாப்புச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் சேரும். அதைக் கட்டாமல் இருக்க முடியாது.

காவல் உள்ள குடியிருப்பு வேறு. அங்கே சாலை பொதுச்சாலை. குடியிருப்பாளர் சங்கம் ஊராட்சி மன்றத்தின் அனுமதியோடு பாதுகாவலரையும் பூம் கேட்டையும் வைக்கிறது. சந்தா விருப்பத்தின் பேரில்தான். கட்டாதவரைத் தன் வீட்டுக்குப் போகவிடாமல் தடுக்க முடியாது. கோத்தா டமன்சாராவின் ஒரு குடியிருப்பு தொடர்பான வழக்கில், அனுமதி பெற்ற தடுப்பு சட்டத்துக்கு உட்பட்டதே என்றும், சந்தா கட்டாதவர் கேட்டைத் தானே திறந்து போக வேண்டியிருப்பதைத் தடையாகக் கருத முடியாது என்றும் 2015-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே கேட்டைப் பார்த்து மயங்காமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். அனுமதி இருக்கிறதா? எத்தனை வீடுகள் ஒழுங்காகச் சந்தா கட்டுகின்றன? இரவு 2 மணிக்குக் காவலர் விழித்திருக்கிறாரா? பாதி வீடு கட்டவில்லை என்றால் அடுத்த ஆண்டே காவலர் கூண்டு காலியாகிவிடலாம்.

குற்றச்செயல் எண்ணிக்கையைப் படிக்கும்போதும் நிதானம் தேவை. சிலாங்கூரில்தான் நாட்டிலேயே அதிக மக்கள் வாழ்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 70 இலட்சம் பேர். எண்ணிக்கை மட்டும் பார்த்தால் அங்கே குற்றங்கள் அதிகமாகத் தெரிவது இயல்பு. உங்கள் தெருவைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது.

"கிள்ளானா? அங்கெல்லாம் கேங்ஸ்டர் லா!" இந்தக் கிண்டலைக் கேட்காத கிள்ளான்காரர் இருக்க மாட்டார். இந்தியர்கள் அதிகம் வாழும் இடம் என்றாலே இப்படி ஒரு முத்திரை குத்துவதை நாமும் சில நேரம் திருப்பிச் சொல்கிறோம். பெயரை வைத்து ஓர் ஊரை ஒதுக்கினால் நல்ல வீட்டை இழப்போம். பெயரை நம்பி ஓர் ஊரை வாங்கினால் பிரச்சினையை வாங்குவோம். இரண்டுக்கும் பதில் நேரில் போய்ப் பார்ப்பதுதான்.

எதைப் பார்ப்பது? தெருவிளக்குகள் எரிகின்றனவா? பின்சந்து சுத்தமாக இருக்கிறதா? எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன? இருட்டிய பிறகும் பெண்கள் நடந்து போகிறார்களா, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்களா? ருக்குன் தெத்தாங்கா இங்கே 1975-இல் தொடங்கிய திட்டம். அந்தத் தாமானில் அது இன்னும் உயிரோடு இருக்கிறதா? செயலவையில் உள்ள ஒருவரைப் பிடித்து ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுங்கள். கடந்த ஆறு மாதத்தில் வாட்ஸ்அப் குழுவில் அதிகம் பேசப்பட்டது வீடு உடைப்பா, மோட்டார் திருட்டா, குப்பை லோரி வராததா என்று அவர் சொல்லிவிடுவார்.

அடுக்குமாடி என்றால் கணக்கைப் பாருங்கள்

பிரிக்பீல்ட்ஸ் மாதிரி இடங்களில் நீங்கள் வாங்கப் போவது பெரும்பாலும் அடுக்குமாடி வீடாகத்தான் இருக்கும். அங்கே அக்கம்பக்கம் என்பது லிஃப்ட்டும் நிர்வாகமும். 2013 ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின்படி (சட்டம் 757), பராமரிப்புக் கட்டணத்தோடு சேமநிதிக்கும் தனியாகச் செலுத்த வேண்டும். அது பொதுவாகப் பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காடு. லிஃப்ட் மாற்றுவது, முழுக் கட்டடத்துக்கும் வர்ணம் பூசுவது போன்ற பெரிய செலவுகள் அந்த நிதியிலிருந்துதான் வரும்.

விற்பவர் மூலமாகக் கடைசி ஆண்டுக் கூட்டத்தின் கணக்கறிக்கையைக் கேளுங்கள். வசூலாகாத கட்டணம் எவ்வளவு? சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது? தரமாட்டோம் என்றால் அதுவும் ஒரு பதில்தான். லிஃப்ட்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளையும் படியுங்கள். "பாக்கி வைத்திருப்போர் பட்டியல்" நீளமாக இருந்தால் யோசியுங்கள்.

குறுகிய கால வாடகை இன்னொரு விஷயம். கேஎல் சென்ட்ரல் பக்கம் சுற்றுப்பயணிகள் பெட்டியோடு வந்து போவது சாதாரணம். மொன்ட் கியாராவில் உள்ள ஓர் அடுக்குமாடி தொடர்பான வழக்கில், அத்தகைய வாடகையைத் தடைசெய்யும் விதியை நிர்வாகம் கொண்டுவரலாம் என்று 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் குடியிருக்க வாங்கினாலும் சரி, வாடகைக்கு விட வாங்கினாலும் சரி, அந்தக் கட்டடத்தின் விதி என்ன என்று முன்பே கேளுங்கள்.

அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

வசதிக்கும் ஒரு விலை உண்டு. பிரிக்பீல்ட்ஸில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. 2010-இல் லிட்டில் இந்தியா வந்தது. ரயில், கோயில், தமிழ்ப்பள்ளி, சாப்பாட்டுக் கடை எல்லாம் நடக்கும் தூரம். அதோடு ஒருவழிச் சாலை நெரிசலும், தீபாவளி நேரத்துக் கூட்டமும், பார்க்கிங் தலைவலியும் சேர்ந்தே வரும். ரயில்வே ஊழியர்களுக்காக ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்ட 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' வீடுகள் இன்று அங்கே இல்லை. நகரின் நடுவில் வீடு வாங்குபவர், பக்கத்து மனை அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது.

கிள்ளானில் இடம் தாராளம். ஜாலான் தெங்கு கிளானா கடைத்தெருவும், நாட்டின் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றான சிம்பாங் லீமாவும் அங்கேதான். ஆனால் துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் எந்தச் சாலையில் ஓடுகின்றன என்று பாருங்கள். ஜொஹான் செத்தியா பக்கம் வறட்சிக் காலத்தில் கரிமண் நிலம் தீப்பிடித்துப் புகை கிளம்புவதுண்டு. சுற்றுச்சூழல் துறையின் தளத்தில் காற்று மாசுக் குறியீட்டைப் பாருங்கள். 50 வரை நல்லது, 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்றது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இது சின்ன விஷயமல்ல.

"ரயில் நிலையம் வரப்போகுது" என்ற பேச்சுக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். பண்டார் உத்தாமாவிலிருந்து ஜொஹான் செத்தியா வரையிலான எல்ஆர்டி 3 திட்டத்தில், செலவைக் குறைக்க 2018-இல் ஐந்து நிலையங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. புக்கிட் ராஜாவும் பண்டார் போத்தானிக்கும் அவற்றில் அடங்கும். 2024 வரவு செலவுத் திட்டத்தில்தான் அவற்றை மீண்டும் கட்டப்போவதாக அறிவிக்கப்பட்டது. அந்த நிலையத்தை நம்பி வீடு வாங்கியவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். இன்று இருக்கும் பஸ், ரயில், சாலை ஆகியவற்றை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். நாளை வருவது லாபம்.

மூன்று முறை போங்க

வீடு பிடித்துவிட்டதா? முன்பணம் கொடுக்கும் முன் அதே இடத்துக்கு இன்னும் மூன்று முறை போங்கள்.

• திங்கட்கிழமை காலை 7 மணிக்கு: அங்கிருந்து உங்கள் வேலையிடம் வரை உண்மையாகவே பயணம் செய்து பாருங்கள்.

• வேலைநாள் இரவு 10 மணிக்கு மேல்: கார் நிறுத்த இடம் கிடைக்கிறதா, தெரு எப்படி இருக்கிறது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

• கனமழை பெய்து முடிந்த அரை மணி நேரத்துக்குள்: கால்வாயைப் பாருங்கள்.

பழைய வீடு வாங்கும்போது வழக்கமாக முதலில் 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது அது 10 விழுக்காடாக நிறைவாகும். 4 இலட்சம் ரிங்கிட் வீட்டுக்கு 40,000 ரிங்கிட். கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் அந்தப் பணம் கைவிட்டுப் போகலாம். "இன்னொருத்தர் பார்த்துட்டாரு, இன்னிக்கே புக் பண்ணுங்க" என்று முகவர் அவசரப்படுத்தினால், "மழை பெய்யட்டும் பாஸ், பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அதற்கு நீங்கள் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்லை.