கேட்ட பின் பேசு!

ஆண்டு மலருக்கு ஹாம் வானொலியின் வரலாறு பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழு நண்பர்கள் அன்புடன் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால், முதலிபாளையத்தில் ஒரு வேன் அருகே நான் செய்த தவறுதான் முதலில் கண்முன் வந்து நிற்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

லாப நோக்கமின்றி, அரசு உரிமம் பெற்று, சொந்தக் கருவியால் வான்வழியே பேசுபவர்களே ஹாம்கள். நம் நாட்டில் இதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1921இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா 2 ஜே.கே. என்ற அழைப்புக் குறியுடன் இயங்கினார். அதே நகரில் முகுல் போஸ் 2 எச்.க்யூ. ஆனார். 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் புதிய உரிமங்கள் வழங்குவது நிறுத்தப்பட்டது. போர் முடிந்த பிறகே ஹாம்கள் மீண்டும் வாய் திறந்தனர். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் வி.யு.2 ஆர்.ஜி. என்ற குறியுடைய ஹாம்தான் என்பது மாணவர் பலருக்கு வியப்பளிக்கும்.

"இது பொழுதுபோக்குதானே?" என்று கேட்டவர்களுக்கு 2004 பதில் சொன்னது. அந்த டிசம்பரில் டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் தம் குழுவினருடன் போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் அமைத்து, உலக ஹாம்களுடன் பேசிக்கொண்டிருந்தார். 26ஆம் தேதி காலை நிலம் நடுங்கியது, சுனாமி வந்தது. தொலைபேசிகள் செயலிழந்த நேரத்தில் அந்த நிலையம் அந்தமானின் நிலையை வெளியுலகுக்குச் சொன்னது. தீவுகளில் சிக்கியவர்களின் நலத்தைத் தவித்துக்கொண்டிருந்த உறவினர்களுக்குத் தெரிவித்தது.

அச்செய்தி தந்த வேகத்தில், 2005 ஜனவரியில் நானும் இரண்டு ஜூனியர் தம்பிகளும் ஒரு பனியன் கம்பெனி வேனில் 25 வாட் செட் ஒன்றைப் பொருத்தினோம். முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் வேனை நிறுத்தினோம். கோவை நண்பரின் குரல் கணீரென்று கேட்டது. நான் பட்டனை அமுக்கிப் பேசினேன். பதிலில்லை. மறுபடியும் பேசினேன். அவரோ, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஏரியல் பிளக்கைச் சாலிடர் வைத்தது இளைய தம்பி. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏண்டா, சாலிடர் ஒழுங்கா வெச்சியா இல்லியா?"

"வெச்சனுங்ண்ணா. பட்டனை அமுக்கறப்போ செட்டு லைட்டு மங்குதுங்ண்ணா..."

"நீ சும்மா இரு!"

அவன் சும்மா இருந்தான். ஒரு மணி நேரம் நான் ஏரியலோடு மல்லுக்கட்டினேன். பிளக்கை வெட்டி, புதிதாக வைத்தேன். ஏரியலுக்குப் பதில் டம்மி லோடு மாட்டிப் பார்த்தேன். அப்போதும் செட் செத்துச் செத்துப் பிழைத்தது. அப்படியானால் குற்றம் ஏரியலில் இல்லை! கடைசியாகத்தான் செட்டின் பின்புறம் மல்டிமீட்டர் வைத்தேன். சும்மா இருக்கையில் 12 வோல்ட்டுக்கு மேல். பட்டனை அமுக்கியதும் 9 சொச்சம்.

கணக்கு எளிது. கேட்கும்போது செட் அரை ஆம்பியர்தான் இழுக்கும். பேசும்போது ஆறு ஆம்பியர். இணைப்பில் அரை ஓம் தடை இருந்தால், கேட்கையில் கால் வோல்ட்தான் குறையும். பேசுகையில் மூன்று வோல்ட் போய்விடும். நம்மூர்ப் பாஷையில் சொன்னால், ஒற்றை நூலில் பனியன் தொங்கும். பனியன் மூட்டை தொங்குமா? நன்றாகக் கேட்கிறது என்பதால் நன்றாகப் பேசும் என்று எண்ணக்கூடாது.

தடை எங்கே? நெகடிவ் வயரை வேன் பாடியில் போல்ட் போட்டு முறுக்கியிருந்தேன். அடியில் பெயிண்ட், அதன் மேல் துருவும் பஞ்சுத் தூசியும். அதைச் செய்தது வேறு யாருமில்லை, நானேதான்! தடித்த வயர் இரண்டை நேரே பேட்டரிக்குக் கொண்டுபோய், பேட்டரி அருகிலேயே பியூஸ் வைத்தோம். அடுத்த நிமிடம் கோவையிலிருந்து, "இப்ப நல்லாக் கேக்குதுங்க!" என்று குரல் வந்தது.

அன்று பரீட்சார்த்தம்தான், உயிர் எதுவும் போகவில்லை. ஆனால் வெள்ள நாளாக இருந்திருந்தால், அந்த ஒரு மணி நேரத்துக்கு யார் பதில் சொல்வது? பேசுமுன் அலைவரிசையைக் கேள் என்பது ஹாம்களின் முதல் பாடம். அதை வானத்துக்கு மட்டும் கடைப்பிடித்தேன். பக்கத்தில் நின்ற தம்பிக்குக் கடைப்பிடிக்கவில்லை. லைட்டு மங்கியதை முதலில் பார்த்தவன் அவன்.

அதன் பிறகு அவன் எங்கள் குழுவுக்கு வரவில்லை. நானும் அன்றே மன்னிப்புக் கேட்கவில்லை. இம்மலர் அவர் கையை எட்டுமானால், இதையே என் மன்னிப்பாக ஏற்க வேண்டுகிறேன். இன்று பயிலும் மாணவச் செல்வங்களே, செட் பேசாவிட்டால் முதலில் வோல்ட்டைப் பாருங்கள். அதற்கும் முன்னால், பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஹாம்கள் வாழ்த்துச் சொல்லி விடைபெறும் எண்ணையே உங்கள் அனைவருக்கும் சொல்லி முடிக்கிறேன்: 73!