நெய்யின் பெயரால்

தமிழில் நெய் என்னும் சொல் ஒரு காலத்தில் பசுவுக்கும் எருமைக்கும் மட்டும் உரியதாய் இருந்ததில்லை. ஆவின் நெய்யும் நெய், எள்ளின் நெய்யும் நெய், தேனும் நெய்யெனப்பட்டது, உடம்பில் ஓடும் குருதிக்கும் நெய்த்தோர் என்றொரு பெயர் உண்டு. எள்ளும் நெய்யும் புணர்ந்ததே எண்ணெய். பின்னாளில் அச்சொல் ஆமணக்குக்கும் தேங்காய்க்கும் கடலைக்கும், இறுதியில் மண்ணெண்ணெய்க்கும் பொதுவாகிவிட்டமையால், பழைய உரிமையாளனாகிய எள்ளின் எண்ணெய்க்கு அடையொன்று சேர்த்து நல்லெண்ணெய் என்று வேறுபடுத்த வேண்டியதாயிற்று எனலாம். கொழுப்பில் நல்லது எது என்னும் வினாவை மருத்துவம் எழுப்புமுன்பே மொழி ஒருவாறு எழுப்பி வைத்திருக்கிறது. ஆயின் மொழி இட்ட எல்லைக்கோடு சைவ உணவுக்கும் புலால் உணவுக்கும் நடுவே ஓடவில்லை. அந்தக் கோடு பிற்காலத்தது. அதை மட்டும் நம்பியிருந்ததன் விளைவை நடுநாட்டின் உணவு வரலாறு நன்கு காட்டும்.

திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கம், பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊர். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இயற்றிய அந்த 583 அடிப் பாட்டில், நன்னனிடம் பரிசில் நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழியெங்கும் விருந்து காத்திருக்கிறது. மலைச்சிற்றூர் ஒன்றில் அவர்களுக்குக் கிடைப்பது நெய்யில் வெந்த பருத்த இறைச்சித் துண்டுகளும் தினைச்சோறும். இறைச்சியும் நெய்யும் ஒரே கலத்தில் கூடிய அவ்விருந்தில் இது தூயது, அது தூயதன்று என்ற பேச்சே இல்லை. இதனைக் கொண்டு அக்காலத்தார் நாள்தோறும் நெய்யில் மிதந்தனர் என்று கருதுதல் பிழை. யாழும் முழவும் சுமந்து காடும் மலையும் நடந்து கடந்த பசித்த வயிறுகளுக்கு என்றோ ஒருநாள் வாய்த்த கொழுப்பு அது. பாணாற்றுப்படைகளில் நிணமும் நெய்யும் அத்தனை ஆசையோடு பாடப்படுவதற்குக் காரணமே அவற்றின் அருமைதான்.

சோழர் காலத்தில் நெய் பெரும்பகுதி விளக்குக்குப் போயிற்று. கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாது எரிய நாளொன்றுக்கு உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடுகள் கொடை. சில இடங்களில் 90. இவ்வாடுகளைக் கல்வெட்டுகள் சாவா மூவாப் பேராடு என்று குறிக்கும். ஆடு சாகாது, மூக்காது என்பது பொருளன்று. மந்தையை ஏற்ற இடையர், இறந்ததற்கு ஈடாகக் குட்டியை நிறுத்தி எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்பதே ஒப்பந்தம். கணக்கர் நடையில் இத்தகைய ஒரு தொடர் பிறந்திருப்பது கவிஞர்கள் பொறாமை கொள்ளத்தக்கது. இங்கு நெய் ஆட்டு மந்தையைக் கொண்டே கணக்கிடப்பட்டது. புலாலுக்கு வளரும் அதே விலங்கின் பால்தான் கருவறை விளக்கின் சுடராயிற்று. இன்றும் கார்த்திகைத் தீபத்தன்று அண்ணாமலை உச்சிக் கொப்பரைக்கு 3,000 கிலோவுக்கு மேல் நெய் ஏறுகிறது. நெய் விலங்குக் கொழுப்பே என்பதை மரபு அறிந்திருந்தது. அறிந்தே அதனைச் சைவத்தின் பக்கம் வைத்துக்கொண்டது.

இந்நாட்டின் மண்ணை மாற்றியது வேறொன்று. தென்னமெரிக்காவில் பிறந்து கடல் கடந்து வந்த நிலக்கடலையை இப்பகுதி மக்கள் மணிலாக்கொட்டை என்றனர். அது நாவில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகருக்குக் கப்பலேறியது. அங்கே அது எண்ணெயும் சோப்பும் ஆயிற்று. ஆர்க்காட்டு மானாவாரிச் செம்மண் முழுதும் மல்லாட்டைக் கொல்லையாயிற்று. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. இரகங்களின் பெயர் நாடெங்கும் உழவர் அறிந்த பெயராயிற்று. நல்லெண்ணெய் ஆண்ட அடுப்பில் மணிலா எண்ணெய் வந்து அமர்ந்தது. இம்மாற்றத்தால் உடலுக்குக் கேடு நேர்ந்தது என்று சொல்வதற்கில்லை. மல்லாட்டை எண்ணெயில் ஏறத்தாழப் பாதி ஒலியிக் அமிலம். ஆலிவ் எண்ணெயின் புகழுக்குக் காரணமான அதே பொருள்.

கேடு வந்தது அந்த எண்ணெயைக் கட்டியாக்கிய பின்னரே. திரவ எண்ணெயில் நிக்கலின் துணையோடு ஹைட்ரஜனைச் செலுத்தி உறையவைக்கும் முறைக்கு ஜெர்மானிய வேதியியலார் வில்ஹெல்ம் நார்மன் 1902இல் காப்புரிமை பெற்றார். 1911இல் அமெரிக்காவில் கிரிஸ்கோ வந்தது. இந்தியாவில் 1937இல் டால்டா வந்தது. டாடா என்ற டச்சு நிறுவனத்தின் பெயருக்கு நடுவே லீவர் நிறுவனத்தின் முதலெழுத்தைச் செருகி அமைத்த பெயர் அது என்பர். நெய் போலவே மணல் மணலாய் உறையும். நெய்யைவிட விலை மிகக் குறைவு. தாவர எண்ணெயில் ஆனதாகையால் ஆசாரத்துக்கும் இடையூறில்லை. பல்லாண்டுகள் வனஸ்பதிக்குப் பெரும்பான்மை மூலப்பொருள் நிலக்கடலை எண்ணெயே. நடுநாட்டுக் கொல்லையில் நீர்மையாய் இருந்த கொழுப்பு, ஆலைக்குப் போய்க் கட்டியாகி, நெய்யின் வேடத்தில் அதே ஊர்களின் மிட்டாய்க்கடைக்குத் திரும்பியது. நெய் வாங்க இயலாத வீட்டிலும் கல்யாணத்தில் இலட்டு உருண்டது. ஏழைகளின் அந்த மகிழ்ச்சியை எள்ளி நகையாட எவர்க்கும் உரிமையில்லை.

எதிர்ப்பு எழாமல் இல்லை. காந்தியடிகள் 1946இல் ஹரிஜன் இதழில் வனஸ்பதியைக் கண்டித்து எழுதினார். விடுதலைக்குப் பின் தாக்கூர் தாஸ் பார்கவா நாடாளுமன்றத்தில் அதனைத் தடைசெய்யக் கோரும் மசோதாவைக் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. எதிர்த்தவர்களின் கவலை பெரிதும் பசுவையும் கலப்படத்தையும் பற்றியது. நெய்யில் வனஸ்பதியைக் கலந்து விற்பது எளிதாயிருந்தமையால், வனஸ்பதிக்கு நிறமேற்றி விடலாம் என்று யோசித்தனர். ஏற்ற நிறம் அகப்படவில்லை. இறுதியில் ஒவ்வொரு டப்பாவிலும் நூற்றுக்கு ஐந்து பங்கு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று சட்டம் செய்தனர். ஐயத்துக்குரிய நெய்யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பர்பியூராலும் இட்டால், எள் இருக்குமாயின் இளஞ்சிவப்பு நிறம் தோன்றிப் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். எண்ணெய்க்குத் தன் பெயரையே ஈந்த எள், போலிநெய்க்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏறிய கதை இது. ஆயினும் அச்சாட்சி சொன்னது கலப்படத்தைப் பற்றி மட்டுமே. டப்பாவுக்குள் இருப்பது நெஞ்சுக்கு என்ன செய்யும் என்பதை எள்ளால் சொல்ல முடியாது.

1983இல் மீண்டும் ஒரு புயல். சோப்புக்கென இறக்குமதியான மாட்டுக் கொழுப்பு வனஸ்பதியில் கலக்கப்பட்டது தெரியவந்து நாடே கொதித்தது; அக்கொழுப்பின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நம்பி உண்டவரை ஏமாற்றியது பெருங்குற்றம், சினம் நியாயமானதே. ஆனால் தாவரத் தூய்மை கெடாத வனஸ்பதியினுள்ளே என்ன இருந்தது என்று அந்த ஆரவாரத்தில் எவரும் கேட்கவில்லை. எண்ணெயை அரைகுறையாக உறையவைக்கும்போது அதன் மூலக்கூறுகளில் ஒரு பகுதி முறுக்கிக்கொண்டு டிரான்ஸ் கொழுப்பாக மாறுகிறது. இந்திய வனஸ்பதி மாதிரிகள் சிலவற்றில் அது நாற்பது விழுக்காடு வரை இருந்தது.

அதன் தன்மை ஐயமின்றித் தெரியவந்தது 1990இல். மென்சிங்க், கட்டான் என்னும் டச்சு ஆய்வாளர் இருவர் நடத்திய உணவுச் சோதனையில், டிரான்ஸ் கொழுப்பு இரத்தத்தில் தீய கொலஸ்டிராலை உயர்த்துவதோடு நல்லதையும் குறைப்பது புலனாயிற்று. விலங்குகளின் நிறைவுற்ற கொழுப்புக்குக்கூட அந்த இரண்டாவது தீமை இல்லை. பெயரும் ஹாலந்திலிருந்து, தீர்ப்பும் ஹாலந்திலிருந்து.

அதற்கும் முன்னர், 1967இல், எஸ். எல். மல்ஹோத்ரா என்னும் இரயில்வே மருத்துவர் இந்திய இரயில்வே ஊழியர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் கணக்கை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு தமிழரைத் திடுக்கிடச் செய்திருக்க வேண்டும். பாலும் நெய்யும் தயிருமாகப் பன்மடங்கு கொழுப்பு உண்ட வடக்கத்தியரைவிட, விதை எண்ணெயில் சமைத்த தென்னாட்டு ஊழியரிடையே இதயநோய் ஏழு மடங்கு மிகுதி என்றார் அவர். உழைப்பு, உண்ணும் முறை, தானியம் எனப் பல வேறுபாடுகள் இடையில் நிற்பதால், நெய் நன்று என்று இதனைக்கொண்டு தீர்ப்பளிக்க இயலாது. தாவர எண்ணெய் என்பதாலேயே காப்பு உண்டு என்னும் நம்பிக்கையை மட்டும் அது அசைத்தது.

அந்த நம்பிக்கையை அசைக்க எளிய கணக்கே போதும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ நூற்றுக்கு 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் 60க்கு மேல். ஆட்டுக் கொழுப்பில் 50 அளவே. கோழிக் கொழுப்பில் 30. மத்தி மீனின் எண்ணெயோ நெஞ்சுக்கு நலம் தருவது. ஆட்டுக்கறிக் குழம்பை அஞ்சி ஒதுக்கியவர், வனஸ்பதியில் பொரித்த பண்டத்தைச் சைவம் என்ற துணிவில் உண்டது எத்தனை பெரிய தலைகீழ்! சமயத்தின் பெயரே தமிழில் உணவின் பெயராகவும் நின்றுவிட்டமையால், சைவம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. உயிர்க்கொலை தவிர்த்தல் ஓர் அறம்; அதற்கு இதயநலம் என்னும் துணைக்காரணம் தேவையில்லை. இரண்டையும் குழப்பியதில் ஆதாயம் அடைந்தவர் வணிகரே.

டென்மார்க் 2003இலேயே டிரான்ஸ் கொழுப்புக்குக் கடிவாளமிட்டது. இந்தியாவில் 10 விழுக்காடு என்று தொடங்கிய வரம்பு படிப்படியாக இறங்கி, 2022 சனவரி முதல் 2 விழுக்காடாயிற்று. டால்டா வந்து 85 ஆண்டுகள் கழிந்தபின் வந்த நீதி இது. பொரித்த எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சும் கடைகளுக்கும் 2018 முதல் வரம்பு உண்டு: கேடுற்ற பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயை ஊற்றிவிட வேண்டும். பௌர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் பஜ்ஜி வாணலிகளுக்கு இச்சட்டம் எட்டுவது, நடப்பவர்கள் கேட்டால்தான்.

மல்லாட்டை எண்ணெய்க்கு இப்போது மரச்செக்கின் பெயரால் மதிப்புத் திரும்பியுள்ளது. கொழுப்பமிலக் கணக்கில் செக்கெண்ணெய்க்கும் ஆலை எண்ணெய்க்கும் பெரிய வேறுபாடில்லை எனினும், மணமும் நம்பகமும் வேறு, விலையும் வேறு. 2007 முதல் நியாயவிலைக் கடைகளில் மலிவு விலைக்குத் தரப்படுவது பாமாயில். அதில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதற்கு மாற்றாகக் கடலை எண்ணெய் தர வேண்டும் என்பது உழவர்களின் நெடுநாள் கோரிக்கை. செங்கத்துக் கொல்லையில் குனிந்து மல்லாட்டை பிடுங்கிக் காய் ஆயும் கூலிப்பெண்களின் வீட்டு அடுப்பில் காய்வது அந்தப் பாமாயில்தான்.