தருமபுரத்துத் தாயும் ஒரு 'தற்காலிக'ச் சட்டமும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஊர்கள் வரும். 2009இல் ஷெல்லுக்குப் பயந்து சனம் கிழக்கே நகர்ந்த வழி இது. அந்தப் பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியிலேயே பலமுறை ஷெல் விழுந்தது.

தருமபுரத்தில் வசித்த பாலேந்திரன் ஜெயக்குமாரி, போரில் இரண்டு ஆண்பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். இன்னொரு மகன் போர் முடிவில் காணாமற்போனார். பிறகு அரச வெளியீடொன்றில், புனர்வாழ்வு பெறும் சிறுவர்களின் படத்தில் அவரைக் கண்டதாகத் தாய் சொன்னார். மகன் எங்கே என்ற அந்த ஒரு கேள்விதான் அவருடைய அரசியல். 2013 நவம்பரில் பிரித்தானியப் பிரதமர் கெமரூன் யாழ்ப்பாணம் வந்தபோது, தாயும் சின்ன மகளும் ஆர்ப்பாட்டத்தில் நின்றார்கள்.

2014 மார்ச் 13இல், ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்த வேளையில், இருவரும் பிடிக்கப்பட்டார்கள். தேடப்பட்ட ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள் என்பது அரசின் குற்றச்சாட்டு. தாய் பூசா தடுப்பு முகாமுக்கு. மகள் நன்னடத்தைப் பராமரிப்புக்கு. விசாரிக்கப் போன ருக்கி பெர்னாண்டோவும் அருட்தந்தை பிரவீனும் மூன்றாம் நாள் கைதாகி, பின்னர் விடப்பட்டார்கள். ஆட்சி மாறி, 2015 மார்ச்சில்தான் ஜெயக்குமாரிக்குப் பிணை கிடைத்தது. ஏறத்தாழ ஒரு வருசம்.

மகிந்த ராஜபக்ச வாக்கால் வந்தவர்தானே, சர்வாதிகாரம் என்பதா என்று கேட்கலாம். 2010இன் 18ஆவது திருத்தம் சனாதிபதியின் இரு தவணை வரம்பை நீக்கியது. கையில் பயங்கரவாதத் தடைச் சட்டமும் இருந்தது. 1979இல் தற்காலிகமெனக் கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் அது. வழக்கில்லாமல், பாதுகாப்பு அமைச்சரின் கையெழுத்தில், 18 மாதம் வரை அடைத்துவைக்க அன்று அது இடம் கொடுத்தது.

1990 ஒக்டோபரில் புலிகள் முல்லைத்தீவு உட்பட வடக்கு முழுவதிலிருந்தும் எங்கட சனத்தை விரட்டினார்கள். அந்தக் காயத்தோடு பார்க்கும்போது, வன்னித் தாயின் சிறை 'அவங்கட பிரச்சினை' என்று தோன்றுவது இயல்பு. சட்டம் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. 2013 மேயில் அசாத் சாலியைப் பிடித்ததும் இதே சட்டம். 2020இல் சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ்வையும், மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீமையும் பிடித்ததும் இதுவே. 'நவரசம்' என்ற கவிதை நூலுக்காகப் பிடிபட்ட அஹ்னாப், ஒன்றரை வருசத்துக்கு மேல் உள்ளே இருந்து, 2023 டிசம்பரில் நிரபராதி என விடுவிக்கப்பட்டார்.

பூசாவில் தருமபுரத்துத் தாய் இருந்த நாட்களில் நாங்கள் பேசியிருந்தால் இந்தச் சட்டம் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கட பிள்ளைகளுக்காகப் பேசும்போது, எங்கட குரலுக்கு இன்னும் கொஞ்சம் பாரம் இருந்திருக்கும்.