மரத்துக்குப் பொட்டு வைத்த துப்பாக்கி



அமெரிக்காவில் படிக்கும் என் மாணவர் ஒருவரின் மகன் சென்ற வாரம் கேட்டான்: "தாத்தா, பெயின்ட்பால் விளையாட்டுக்குக் குழல் வாங்கணும். அலுமினியமா, ஸ்டீலா, கார்பன் ஃபைபரா, எது நல்லது?" வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாற்றிலிருந்துதானே பதில் வரும்!

இந்தக் கருவி விளையாட்டுக்காகப் பிறந்ததே இல்லை. 1960களில் மிச்சிகன் மாநிலத்தின் நெல்சன் பெயின்ட் கம்பெனி, வெட்ட வேண்டிய மரங்களைத் தூரத்திலிருந்தே அடையாளமிட ஒரு வழி தேடியது. மருந்து மாத்திரை போல ஜெலட்டின் உறைக்குள் பெயின்ட்டை அடைத்தார்கள். அதைச் சுட, காற்றுத் துப்பாக்கி செய்யும் கிராஸ்மன், டெய்ஸி கம்பெனிகள் கருவி செய்து தந்தன. டெய்ஸி செய்ததன் பெயர் நெல்ஸ்பாட் 007. அடையாளமிடுவதால்தான் இன்றும் அதை 'மார்க்கர்' என்கிறார்கள்.

காட்டில் பிழைக்கக் கெட்டிக்காரன் நகரத்தானா, நாட்டுப்புறத்தானா? எழுத்தாளர் சார்லஸ் கெய்ன்ஸும் பங்குச் சந்தைக்காரர் ஹேஸ் நோயலும் இதைப் பற்றி வாதாடினார்கள். தீர்த்து வைக்க வந்தது இந்த மார்க்கர். 1981 ஜூன் 27, நியூ ஹாம்ப்ஷயரில் ஹெனிக்கர் என்ற ஊர். 12 பேர் காட்டுக்குள் இறங்கினார்கள். பிறரிடம் அடிபடாமல் கொடிகளைச் சேகரித்து வெளியே வர வேண்டும். அதுதான் முதல் ஆட்டம்.

இனி குழலுக்கு வருவோம். குண்டின் விட்டம் பெயரளவில் 0.68 அங்குலம், அதாவது சுமார் 17 மில்லிமீட்டர். ஆனால் ஜெலட்டின் ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும். அதனால் பெட்டிக்குப் பெட்டி அளவு மாறும். குழல் அகலமானால் குண்டைச் சுற்றி வாயு கசியும். வேகம் ஒரே சீராக இராது. குறுகினால் குண்டு உள்ளேயே உடையும். பரிசோதனை எளிது. மார்க்கரிலிருந்து கழற்றிய குழலில் ஒரு குண்டைப் போடுங்கள். தானாக உருண்டு விழுந்தால் குழல் பெரிது. நின்று, வாயால் ஊதினால் வெளியேறினால் பொருத்தம். இதற்காகவே உள்ளே மாற்றிப் போடும் பல அளவுச் செருகு குழாய்கள் விற்கிறார்கள்.

உலோகங்களைப் பார்ப்போம். பித்தளை வழவழப்பாக மெருகேறும். ஆனால் கனம், மிருது, கீழே போட்டால் நசுங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறுதி, துருப்பிடிக்காது, முன்பக்கம் கனக்கும். அலுமினியம் இலேசு, விலையும் குறைவு. அனோடைஸ் பூச்சு தேய்ந்தால் கீறல் விழும். கார்பன் ஃபைபர் மிக இலேசு, விலை அதிகம். குறி தவறாமைக்கு உலோகத்தைவிட முக்கியமானவை மூன்று: அளவுப் பொருத்தம், நேரான துளை, சுத்தமான உட்புறம். ஒரு குண்டு உள்ளே உடைந்தால், துடைக்கும் வரை எந்த உலோகமும் உதவாது. நீளமும் அப்படித்தான். ஓர் அளவுக்குமேல் நீண்டால் வாயுதான் கூடுதலாகச் செலவாகும்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். களத்தில் பொதுவான வேக வரம்பு வினாடிக்கு 300 அடிக்குள். அதாவது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல்! கண்ணில் பட்டால் பார்வையே போகும். இதற்கென்றே செய்த முகக்கவசம் வேண்டும். சாதாரணக் கண்ணாடி போதாது. களத்தை விட்டு வெளியே வரும் முன்பே குழல் வாய்க்கு உறை போட வேண்டும். காசு குறைவாக இருந்தால் குழலில் மிச்சம் பிடி, கவசத்தில் பிடிக்காதே என்று பேரனுக்கு எழுதியிருக்கிறேன்.

சரி, அந்த முதல் ஆட்டத்தில் வென்றது யார்? ரிச்சி ஒயிட் என்ற வனப் பணியாளர். கடைசி வரை அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. காட்டை அறிந்தவர், சத்தமில்லாமல் கொடிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் கையில் இருந்த குழல் என்ன உலோகம் என்று யாரும் கேட்கவில்லை!

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதை விளையாடுகிறார்களா? கருத்தில் எழுதுங்கள்.