வகுப்பறைக்குள் வந்த இலையுதிர் காலம்

செப்டம்பர் முதல் நவம்பர் வரை அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளின் சுவர்களில் ஆப்பிள், மேப்பிள் இலை, பரங்கிக்காய், சோளக்கதிர், வான்கோழி என்று படங்கள் மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் பொறுக்கி வந்த இலைகளை இரண்டு மெழுகுத் தாள்களுக்கு நடுவே வைத்து இஸ்திரி போடுவதும், பரங்கிக்காயைக் கீறி விதைகளை எண்ணுவதும் அந்த மாதங்களுக்கே உரிய வேலைகள். பார்ப்பவர்களுக்கு இவை தொன்றுதொட்டு வரும் வழக்கம் போலத் தோன்றும். உண்மையில் 19ஆம் நூற்றாண்டின் நாட்டுப்புறத்தில் இலையுதிர் காலம் என்பது பிள்ளைகள் பள்ளியிலேயே இல்லாத காலம்.

அன்றைய கிராமப் பள்ளிகள் குளிர்காலத்தில் ஒரு பருவம், கோடையில் ஒரு பருவம் என்று நடந்தன. வசந்தத்தில் விதைப்புக்கும் இலையுதிர் காலத்தில் அறுவடைக்கும் வீட்டில் எல்லோருடைய கையும் வேண்டியிருந்தது. நகரப் பள்ளிகளோ ஆண்டின் பெரும்பகுதி திறந்திருந்தன. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டையும் ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவந்தபோதுதான் நீண்ட கோடை விடுமுறையும், அது முடிந்ததும் தொடங்கும் கல்வியாண்டும் நிலைபெற்றன. மெய்ன் மாநிலத்தின் அரூஸ்டுக் வட்டாரம் போன்ற சில இடங்களில் உருளைக்கிழங்கு தோண்டுவதற்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் பழக்கம் 21ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. வயலில் நின்ற பிள்ளைக்கு அறுவடையைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. வயலை விட்டு வந்த தலைமுறைக்குத்தான் அது பாடமாயிற்று.

அந்தப் பாடத்துக்கான கைவேலை ஜெர்மனியிலிருந்து வந்தது. ஃபிரெடரிக் ஃபுரோபல் 1837இல் தொடங்கிய கிண்டர்கார்டன் முறையில் காகிதம் மடிப்பதும் வெட்டுவதும் பின்னுவதும் கல்வியின் பகுதிகள். 1856இல் விஸ்கான்சினில் மார்கரெட் ஷுர்ஸ் ஜெர்மன் மொழியில் நடத்திய சிறு வகுப்பு வழியாக அந்த முறை அமெரிக்காவில் கால் வைத்தது. மாசசூசெட்ஸில் பலகை விளையாட்டுகள் தயாரித்துவந்த மில்டன் பிராட்லி அதற்கான கருவிகளையும் வண்ணத்தாள்களையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

கைவேலைக்கு உயிர் கொடுத்தது இயற்கைக் கல்வி இயக்கம். சிகாகோவில் பணியாற்றிய வில்பர் ஜாக்மன் 1891இல், பொதுப் பள்ளிகளில் இயற்கையைப் பயில்வதற்கான தம் நூலை வெளியிட்டார். 1893இன் பொருளாதார நெருக்கடியை ஒட்டி நியூயார்க் மாநிலத்தின் வேளாண் குடும்பங்கள் நகரத்தை நோக்கிக் கிளம்பின. மண்ணின்மீது பிள்ளைகளுக்குப் பற்று உண்டானால் இந்த ஓட்டம் குறையும் என்று மாநிலத்தில் சிலர் நம்பினார்கள். அரசுப் பணத்தில் கார்னெல் பல்கலைக்கழகம் பள்ளி ஆசிரியர்களுக்குச் சிறு பிரசுரங்களை அச்சிட்டு அனுப்பத் தொடங்கியது. லிபர்ட்டி ஹைட் பெய்லி அதை வழிநடத்தினார். அன்னா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக் எழுதினார், ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1899இல் கார்னெல் அவருக்கு உதவிப் பேராசிரியர் பதவி கொடுத்தது. பெண்ணுக்கு அப்பதவி தகாது என்று அறங்காவலர்கள் எதிர்க்கவே அடுத்த ஆண்டே விரிவுரையாளராக இறக்கியது. 1911இல் அவர் வெளியிட்ட இயற்கைக் கல்விக் கையேடு 900 பக்கங்களுக்கு மேற்பட்டது. இன்றும் அச்சில் இருக்கிறது.

அந்தக் கையேட்டின் போக்கு, முதலில் ஆசிரியருக்கு விளக்கம், பிறகு பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்விகள். விடையைப் பிள்ளை பொருளைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஆசிரியர் கூச வேண்டியதில்லை என்றும் காம்ஸ்டாக் எழுதினார். ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளுக்கும் பாடம் சொன்ன கிராமப் பள்ளிகளில் இந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும்! உதாரணமாக, ஆப்பிளைக் காம்பிலிருந்து நெடுக்காக வெட்டாமல் குறுக்காக வெட்டினால் நடுவில் ஐந்து அறைகள் கொண்ட நட்சத்திரம் தெரியும். விதைகள் அந்த அறைகளுக்குள் இருக்கின்றன. இலை மஞ்சளாவது புது நிறம் ஏறுவதால் அல்ல. பச்சையம் சிதைந்து மறையவே, அதற்கு அடியில் கோடை முழுதும் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு மட்டும் பெரும்பாலும் அந்த நாட்களில் இலைக்குள் புதிதாக உருவாவது. ஒரு கத்தியும் பள்ளி வாசலில் ஒரு மரமும் போதும், இந்தப் பாடத்தை நடத்திவிடலாம்.

பின்னி அண்டு ஸ்மித் நிறுவனம் 1903இல் எட்டு வண்ண கிரயோலா மெழுகுக் குச்சிகளை ஐந்து சென்டுக்கு விற்றபோது, இலையைத் தாளுக்கு அடியில் வைத்துத் தேய்த்து நரம்புகளைப் பதித்து எடுப்பது எளிதாயிற்று. பிறகு வந்த இயந்திரம் இலையையே தேவையில்லாமல் செய்துவிட்டது. 1923இல் ஜெர்மனியில் உருவான ஸ்பிரிட் நகல் பொறி நம் சைக்ளோஸ்டைலுக்கு உறவானது. ஊதா மையில், சாராய வாசனையோடு ஈரமாக வெளிவரும் தாளில் இலையின் கோட்டுருவம் ஏற்கெனவே வரையப்பட்டிருக்கும். அதற்குள் வண்ணம் தீட்டுவதே பிள்ளையின் வேலை. 1930களில் இயற்கைக் கல்வி, பொது அறிவியல் என்ற பாடத்துக்குள் கரைந்துபோனது. சுவரில் தாள் இலைகள் மட்டும் நிலைத்தன. இது ஓர் இழப்பு. ஃபுளோரிடாவில் சன்னலுக்கு வெளியே பனை பச்சையாக நிற்க, உள்ளே பிள்ளைகள் வடகிழக்கு மாநிலங்களின் சிவந்த மேப்பிள் இலையை வெட்டி ஒட்டினார்கள். உன் வாசலில் இருப்பதைப் பார் என்ற காம்ஸ்டாக்கின் முறைக்கு இது நேர் எதிரானது.

நவம்பர் மாதத்தின் கதை இன்னும் சிக்கலானது. 1621இல் பிளிமத் குடியேறிகளும் அப்பகுதிப் பழங்குடியினரான வாம்பனோவாக் மக்களும் மூன்று நாள் விருந்துண்டதை, குடியேறிகளில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோவின் கடிதம் சொல்கிறது. வாம்பனோவாக் தலைவர் மசசோயிட்டுடன் வந்தவர்கள் சுமார் 90 பேர். அவர்கள் ஐந்து மான்கள் கொண்டுவந்தார்கள். அதற்கு ‘முதல் நன்றியறிவிப்பு’ என்று பெயர் சூட்டியவர் 1841இல் அக்கடிதத்தைப் பதிப்பித்த அலெக்சாண்டர் யங். இதழாசிரியர் சாரா ஜோசஃபா ஹேலின் நெடுநாள் வற்புறுத்தலுக்குப் பின் 1863இல் லிங்கன் நன்றியறிவிப்பு நாளைத் தேசிய விழாவாக அறிவித்தார். பிற நாடுகளிலிருந்து புதிதாக வந்தவர்களின் பிள்ளைகள் நகரப் பள்ளிகளில் நிறைந்தபோது, அவர்களை அமெரிக்கர்களாக்கும் வழியாக இந்த விருந்து நாடகமாக நடிக்கப்பட்டது. சிலர் கறுப்புத் தொப்பி, சிலர் காகித இறகுத் தலையணி. உள்ளங்கையைத் தாளில் வைத்துக் கோடிழுத்து, கட்டைவிரலைத் தலையாகவும் மற்ற விரல்களைத் தோகையாகவும் மாற்றிய வான்கோழிப் படம் வீடுதோறும் போனது.

அந்த இறகு அணி சமவெளிப் பழங்குடிகளுடையது, வாம்பனோவாக் மக்களுடையது அல்ல. 1616க்கும் 1619க்கும் இடையே கொள்ளைநோய் அவர்களுடைய ஊர்களைக் காலி செய்ததும், பிளிமத் குடியேறிகள் வீடு கட்டிய இடம் மக்கள் மாண்டுபோன படுக்ஸெட் என்ற ஊர் என்பதும் வகுப்பறை நாடகத்தில் இடம்பெறவே இல்லை. 1970இல் வாம்பனோவாக் தலைவர் வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் முன்னின்று, நன்றியறிவிப்பு நாளையே பிளிமத்தில் துக்க நாளாக அனுசரிக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகே பாடநூல்களும் பள்ளிகளும் மெல்ல மாறின. பல பள்ளிகள் இறகு அணியைக் கைவிட்டுவிட்டன.

பேய்க்கோல விழாவான ஹாலோவீன் பள்ளிக்குள் வந்தது விஷமத்தை அடக்குவதற்காக. இரவில் வேலியைப் பிடுங்குவதும் மாட்டை அவிழ்த்துவிடுவதுமாகச் சிறுவர்கள் திரிந்ததால், மினசோட்டாவின் அனோகா 1920இல் அவர்களுக்காக ஊர்வலம் நடத்தியது. மற்ற ஊர்களும் பள்ளி விருந்துகளை ஏற்பாடு செய்தன. பேய்க்கோலம் தங்கள் சமயத்துக்கு ஒவ்வாது என்று பின்னாளில் பெற்றோர் சிலர் மறுத்தபோது, பல பள்ளிகள் அதற்குப் பதிலாக ‘இலையுதிர் கால விழா’ என்று நடத்தலாயின. பரங்கிக்காய் தங்கியது, சூனியக்காரி போய்விட்டாள்.

காம்ஸ்டாக்கின் பழைய முறை மீண்டும் உயிர்பெற்ற ஓர் இடம் உண்டு. எருக்கின் உறவான பால்செடியில் வளரும் மோனார்க் வண்ணத்துப்பூச்சி, நம் எருக்கஞ்செடியில் காணும் வெந்தய வரியனுக்கு உறவினம். இலையுதிர் காலத்தில் அது தெற்கே பறந்து போய்விடும். கனடாவின் ஃபிரெட் அர்க்கர்ட்டும் அவருடைய தொண்டர்களும் பல்லாண்டுகள் தேடிய பிறகு, 1975 ஜனவரியில் மெக்சிகோவின் மிச்சோகான் மலைகளில் அது குளிர்காலம் கழிக்கும் காடு தெரியவந்தது. 1992இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மோனார்க் வாட்ச் திட்டத்தில் பள்ளி வகுப்புகளும் சேர்ந்தன. பிள்ளைகள் செடியில் புழுவைக் கண்டு வளர்த்து, பூச்சியாக வெளிவந்ததும் பின்னிறகின் அடியில் எண் பொறித்த சிறு வட்ட வில்லையை ஒட்டிப் பறக்கவிடுகிறார்கள். எண், நாள், ஊர் மூன்றையும் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறார்கள். மெக்சிகோக் காட்டில் ஊர்மக்கள் கண்டெடுத்துத் தரும் வில்லைகளின் எண்கள் பின்னர் பட்டியலாக வெளியாகும். தாங்கள் விட்ட பூச்சி போய்ச் சேர்ந்ததா என்று வகுப்பு அதில் தேடிப் பார்க்கலாம்.