மறைத்து வைக்கப்பட்ட மரணம்: 1566ஆம் ஆண்டின் உஸ்மானியப் படையெடுப்பு

1566ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாளன்று சுல்தான் சுலைமான் இஸ்தான்பூலிலிருந்து பெரும்படையோடு புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 71. அவர் நேரில் தலைமையேற்றுச் சென்ற பதின்மூன்றாவது படையெடுப்பு அது. கீல்வாதத்தின் கடுமையால் குதிரையில் நெடுநேரம் அமர இயலாது, வழியின் பெரும்பகுதியை அவர் வண்டியிலேயே கடக்க நேர்ந்தது. ஹங்கேரியின் தென்பகுதியில், நீரும் சதுப்பும் சூழ்ந்த ஸிகெத்வார் கோட்டையே அப்படையெடுப்பின் களமாக அமைந்தது. கோட்டை வீழ்ந்தது. ஆனால் அதனைக் காணச் சுல்தான் உயிரோடு இல்லை. அவர் மறைந்த செய்தி ஏறத்தாழ 48 நாட்கள் படையினருக்கு வெளிப்படாமல் காக்கப்பட்டது.

ஒரு மாபெரும் படை, தன் தலைவர் உலகில் இல்லை என்பதை அறியாமலே கட்டளைக்குப் பணிந்து, கோட்டையைச் செப்பனிட்டு, ஊர் திரும்பும் பயணத்தையும் தொடங்கியது எவ்வாறு? பிரதம வஸீரின் சாமர்த்தியம் என்ற ஒரு சொல்லால் இதனை முடித்துவிடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அப்படை எவ்விதம் ஆக்கப்பட்டது என்பதை நோக்கினாலன்றி இவ்வினாவிற்கு விடை கிட்டாது.

உஸ்மானியரின் போர்க்காலம் ஹிள்ர் (அலை) அவர்களின் பெயரால் வழங்கிய மே மாதத் திருநாளில் தொடங்கி, நவம்பரில் வரும் காஸிம் நாளோடு முடிவது மரபு. புல் முளைத்தால்தான் குதிரைக்குத் தீனி. பனி இறங்கினால் பாதை இல்லை. படை புறப்படுமுன் குதிரைவால் முடி கட்டிய ‘துக்’ என்னும் கொடிக்கம்பங்கள் அரண்மனை முற்றத்தில் நாட்டப்படும். மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து துருக்கியர் கொண்டுவந்த பழவழக்கம் இது. அதனோடு இணைந்தே அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலத்தில் ஸியாரத்தும், முன்னோர் கப்றுகளில் துஆவும் நடைபெறும். கான்ஸ்டான்டிநோபிளின் மதில்களுக்கு வெளியே முதல் நூற்றாண்டிலேயே உயிர்நீத்த அந்த ஸஹாபியின் அருகில் நின்று புறப்படுவதன் பொருளைப் படைவீரன் எவனுக்கும் விளக்க வேண்டியிருந்திராது. மெஹ்தர் இசைக்குழுவின் முரசும் ஸுர்னாவும் முழங்கப் படை நகர்வலமாக வெளியேறும். வெறும் ஆடம்பரமென இச்சடங்குகளைத் தள்ளிவிட முடியாது. சுல்தானின் முகத்தை அணுகிக் காணும் வாய்ப்பில்லாத ஆயிரக்கணக்கானோருக்குக் கொடியும் கூடாரமும் முரசொலியுமே சுல்தானாக இருந்தன. பின்னர் நடந்ததற்கு இது முக்கியமான குறிப்பு.

படையின் பெரும்பகுதி, நிலவருவாய் மானியம் பெற்ற திமார் ஸிபாஹிகள் என்னும் குதிரைவீரர்களே. எனினும் அதன் முதுகெலும்பாக விளங்கியது, ‘புதிய படை’ என்று பொருள்படும் யெனிச்செரிகளின் காலாட்படை. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்கள் தொகை 12,000 முதல் 13,000 வரையே. பால்கன் நாடுகளின் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து ‘தேவ்ஷிர்மே’ என்னும் முறையில் திரட்டப்பட்ட சிறுவர்களே இப்படையினர். அவர்கள் முதலில் அனதோலியாவின் துருக்கிய உழவர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே சில ஆண்டுகள் ஏர்பிடித்து, மொழியும் மார்க்கமும் கற்று, பசியும் குளிரும் தாங்கப் பழகினர். பின்னர் தலைநகரில் ‘அஜெமி’ என்னும் பயிலுநர் நிலை: கட்டடப்பணி, தோட்டவேலை, கப்பல்வேலை என உடலுழைப்பே பெரிது. அதன்பின்தான் படைப்பிரிவில் இடம். மிகத் தேர்ந்தவர்களோ அரண்மனைப் பள்ளிக்குச் சென்று, குர்ஆனும் அறபும் பாரசீகமும் எழுத்துக்கலையும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் பயின்றனர். கட்டடக் கலைஞர் ஸினானும் இவ்வழி வந்தவரே. படையெடுப்புகளில் பாலம் அமைத்துத்தான் அவர் முதலில் பெயர் பெற்றார்.

இம்முறையைப் போற்றிப் பாடும் நூல்கள் நம்மிடையே உண்டு. அவற்றோடு நாம் முழுவதும் உடன்பட இயலவில்லை. ஜிஸ்யா செலுத்தும் திம்மீக்களின் உயிரும் பொருளும் மக்களும் பாதுகாக்கப்பட வேண்டியவை என்பது ஷரீஅத்தின் தெளிவான நிலை. மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை என்பது இறைவாக்கு. அரசின் தேவையைக் காட்டி இதனை நியாயப்படுத்திய உஸ்மானிய எழுத்தாளர்களின் வாதங்கள் வலுவற்றவை என்றே நமக்குத் தோன்றுகின்றன. ஒரே மகனை எடுக்கலாகாது என்ற விதியும், மகன் உயர்பதவி பெறுவான் என்று சில குடும்பங்கள் விரும்பியதும், போஸ்னிய முஸ்லிம்கள் தம் பிள்ளைகளையும் சேர்க்கும் உரிமை பெற்றதும் உண்மையே. அதனால் பிள்ளையைப் பிரிந்த தாயின் துயர் இல்லையென்றாகிவிடாது. இப்படையின் திறனை வியக்கும்போது இதனையும் சேர்த்தே சொல்வது வரலாற்றுக்கு நாம் செலுத்தும் கடன்.

திறன் வியக்கத்தக்கதே. 1555இல் அமாஸியாவில் உஸ்மானியப் பாசறையைக் கண்ட ஹாப்ஸ்பர்க் தூதர் புஸ்பெக், அதன் அமைதியையும் ஒழுங்கையும் தம் கடிதங்களில் பதிவு செய்துள்ளார். அசையாது நின்ற யெனிச்செரிகள் சிலைகளோ என ஐயுற்றாராம். குலத்தால் அன்றித் தகுதியால் பதவி கிட்டுவதும் அவரை ஈர்த்தது. 1526ஆம் ஆண்டுப் படையெடுப்பின் நாட்குறிப்போ, விளைநிலத்தை மிதித்த வீரர்களுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டதைக் குறிக்கிறது.

யெனிச்செரிகளின் பதவிப்பெயர்கள் பல சமையற்கட்டிலிருந்து வந்தவை. படைப்பிரிவின் தலைவருக்குச் ‘சோர்பாஜி’, அதாவது கஞ்சி காய்ச்சுபவர், என்று பெயர். தலைமைச் சமையற்காரரும் ஓர் உயரதிகாரி. தொப்பியின் முன்புறம் கரண்டி செருகும் இடம். ‘கஸான்’ என்னும் பெரிய செப்புக் கொப்பரையே பிரிவின் புனிதச் சின்னம். போரில் அதனை இழப்பது பெரும் இழிவு. சுல்தானின் உப்பைத் தின்றவன் என்ற உணர்வே இதன் அடிப்படை. மூன்று மாதத்திற்கொருமுறை அரண்மனை முற்றத்தில் ஊதியம் வழங்கும் நாளில் உணவு பரிமாறப்படும். வீரர்கள் ஓடிச்சென்று உண்டால் அரசுக்கு நிம்மதி. தொடாது நின்றால் மனக்குறை. கொப்பரையைக் கவிழ்த்தாலோ கலகம். கட்டுப்பாட்டிற்கும் கலகத்திற்கும் ஒரே பாத்திரம்தான்!

ஸிகெத்வார் முற்றுகை ஆகஸ்ட் முதல் வாரத்தில் தொடங்கியது. குரோவாசியப் பிரபு நிகோலா ஸ்ரின்ஸ்கி ஏறத்தாழ 2,300 பேருடன் ஒரு மாதத்திற்கும் மேல் எதிர்த்து நின்றார். செப்டம்பர் 5ஆம் நாள் கோட்டைக் கொத்தளத்தின் கீழ் வைத்த வெடிமருந்து வெடித்தது. ஹிஜ்ரி 974 ஸஃபர் மாதத்தில், செப்டம்பர் 6, 7 ஆகிய நாட்களுக்கு இடைப்பட்ட இரவில், சுல்தான் தம் கூடாரத்தில் மறைந்தார். விடிந்தபின் ஸ்ரின்ஸ்கி எஞ்சிய வீரர்களோடு வாயிலைத் திறந்து வெளிப்பாய்ந்து போரிட்டு மடிந்தார். எதிரியாயினும் அவரது உறுதியை மறைத்தெழுத வேண்டியதில்லை.

பிரதம வஸீர் ஸொகுல்லு முஹம்மது பாஷாவும் போஸ்னியக் கிராமமொன்றிலிருந்து தேவ்ஷிர்மேயில் வந்தவரே. பட்டத்திற்குரிய ஸலீம் குதாஹியாவில் இருந்தார். செய்தி கசிந்தால் படை கலையும், கொள்ளை நிகழும், எல்லை திறந்து கிடக்கும். எனவே அந்தரங்கத் தூதர் ஒருவர் ஸலீமிடம் விரைந்தார். பாசறையில் மருத்துவரும் நெருங்கிய பணியாளரும் அன்றி எவரும் அறியவில்லை. சுல்தானின் கையெழுத்தைப் போன்றே எழுதவல்ல ஜஃபர் ஆகா குறிப்பாணைகளை எழுதினார். வெற்றி மடல்கள் சென்றன, வெகுமதிகள் வழங்கப்பட்டன. சுல்தான் ஏன் வெளிவரவில்லை என்றால், காலில் வலி. திரும்பும் வழியில் அவரைப் போன்ற தோற்றமுடைய ஒருவரை வண்டியில் அமர்த்தினர் என்ற செய்தியும் உண்டு. கொடி நின்றது, முரசு முழங்கியது, கூடாரம் காவலோடு இருந்தது. சுல்தானைச் சின்னங்களின் வழியே கண்டு பழகிய படைக்கு அவை போதுமாயிருந்தன. அவ்வளவு இறுகப் பயின்ற அமைப்பு, தலைவரின்றியும் சில வாரங்கள் தானே நடந்தது. ஸொகுல்லுவின் செயலாளர் ஃபெரீதூன் அஹ்மது பே இப்படையெடுப்பைப் பின்னர் ஓவியங்களோடு நூலாக்கினார்.

பெல்கிரேடை அண்மியபோது, ஒரு வைகறையில் ஹாஃபிழ்கள் வண்டியைச் சூழ்ந்து குர்ஆன் ஓதத் தொடங்கினர். அப்போதுதான் படை அறிந்து அழுதது. உடல் இஸ்தான்பூல் சேர்ந்ததும் ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் எஃபெந்தி ஜனாஸா தொழுகை நடத்த, ஸுலைமானிய்யா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் நிகழ்ந்தது. சுல்தான் உயிர்நீத்த இடத்தில் எழுந்த நினைவுக் கட்டடம் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அழிக்கப்பட்டது. அதன் அடித்தளம் எனக் கருதப்படும் எச்சங்களை ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் ஸிகெத்வார் அருகே அடையாளம் கண்டனர்.

பெல்கிரேடில் நடந்ததை, உடனிருந்த வரலாற்றாசிரியர் ஸெலானிகி முஸ்தஃபா எஃபெந்தி எழுதியுள்ளார். படையின் முன்னிலையில் மீண்டும் ஒரு முடிசூட்டுச் சடங்கு நடத்தி, வழக்கமான பரிசுத்தொகையை வழங்குமாறு ஸொகுல்லு வேண்டினார். தலைநகரில் அரியணை ஏறியதே போதும் என்று ஸலீமைச் சூழ்ந்திருந்தோர் தடுத்துவிட்டனர். சடங்கின் மதிப்பை அறியாத ஆலோசனை! பாசறையில் 48 நாட்கள் வாய்திறவாத அதே வீரர்கள், இஸ்தான்பூலில் ஊர்வலத்தை வழிமறித்து நின்றனர். சமாதானம் பேச முன்வந்த வஸீர்கள் குதிரையிலிருந்து தள்ளப்பட்டனர். பரிசுத்தொகையைக் கொடுப்பதாக வாக்களித்த பின்னரே புதிய சுல்தான் தம் அரண்மனைக்குள் நுழைய முடிந்தது.