முறுக்கிய கம்பியின் கதை

தொலைபேசி வந்த புதிதில் ஒரு இணைப்புக்கு ஒரே இரும்புக் கம்பிதான். தந்தியைப் போலவே, மின்சாரம் திரும்பிப் போகப் பூமியைப் பயன்படுத்தினார்கள். செலவு குறைவு. ஆனால் பக்கத்துத் தந்திக் கம்பியின் ‘டக் டக்’ சத்தமும் பேச்சோடு கலந்து கேட்கும்.

அமெரிக்காவில் 1881-ல் கிரகாம் பெல் இதற்கு ஒரு வழி சொல்லிக் காப்புரிமை வாங்கினார். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. இரண்டையும் முறுக்கிவிட வேண்டும். முறுக்கினால் இரைச்சலுக்கு அருகில் இருப்பது ஒருமுறை இந்தக் கம்பி, மறுமுறை அந்தக் கம்பி. இரண்டிலும் சமமாக ஏறும் இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

கம்பி இரட்டிப்பானால் செலவும் கூடுமே என்று பல கம்பெனிகள் தயங்கின. 1888-ல் ரிச்மண்ட் நகரில் பிராங்க் ஸ்பிரேக் மின்சார டிராமை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். பிறகு ஊர் ஊராக டிராம் பரவியது. அதன் மின்சாரமும் தண்டவாளம், பூமி வழியாகத்தான் திரும்பியது. தொலைபேசியில் ஒரே இரைச்சல்! சின்சினாட்டியில் வழக்கே நடந்தது. தெரு முதலில் போக்குவரத்துக்குத்தான் என்று 1891-ல் ஒஹையோ உச்ச நீதிமன்றம் டிராமுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இரண்டாவது கம்பிக்குச் செலவழிக்க வேண்டியது தொலைபேசிக்காரர்கள்தான் என்றாயிற்று.

கம்பங்களில் தனித்தனியாக ஓடும் கம்பிகளை முறுக்க முடியாது. அதனால் சில கம்பங்களுக்கு ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றிக் கட்டினார்கள்.

இன்று வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வரும் நெட்வொர்க் கேபிளைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே நான்கு ஜோடிகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கியிருக்கும். ஒரு ஜோடியின் பேச்சு அடுத்ததன் காதில் விழக் கூடாதல்லவா!